விவரித்தவர்: முனீஸ்வரி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. எரியோட்டிலிருந்து குஜிலியம்பாறை போகிற ரோடு...

ராத்திரியில் கரண்ட் போய், மொட்டைமாடியில் ஒரு கொசுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மத்தியானக் கதையா என்று ஸ்ரீராம் சிரிக்கிறான். சிரிக்கட்டும். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் அந்த ரோட்டில் தனியாகப் போனால் தெரியும். கொஞ்ச தூரம் முருங்கைத் தோட்டம், அப்புறம் கடலைக்காடு, அப்புறம் வெறும் வேலிக்கருவை. ஆடு மேய்க்கிறவர்கூட நிழல் தேடிப் போயிருப்பார். உன் வண்டிச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இருக்காது.

இது நம் பழனிக்குமாரின் அக்கா முனீஸ்வரிக்கு நடந்தது. அவன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பான்.

அந்த ரோட்டில், வீடுகளெல்லாம் தாண்டி, ஒரு காலத்தில் புகையிலை மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கி. ஓர் அறக்கட்டளை அதை வாங்கி ஆவணக் காப்பகம் ஆக்கியிருந்தது. ஓலைச்சுவடிகள், பழைய பத்திரங்கள், சின்னாளபட்டி நெசவாளர்களின் கடிதங்கள் என்று அலமாரி அலமாரியாக அடுக்கியிருப்பார்கள். உள்ளே நுழைந்தாலே புகையிலை நெடி மூக்கில் ஏறும். முனீஸ்வரிக்கு அங்கேதான் வேலை. ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் படித்து, இதில் என்ன இருக்கிறது, யார் எழுதியது, எந்தக் காலம் என்று நாலு வரி எழுத வேண்டும். அதற்குக் கீழே 'விவரித்தவர்' என்று போட்டுத் தன் பெயரையும் எழுத வேண்டும். அப்படிச் சேர்ந்ததுதான் அவர்களுடைய கேட்டலாக்.

அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள் தமிழ்மதி. ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸையும் திறந்து வெஞ்சனத்தைப் பங்குபோட்டுத்தான் சாப்பிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் உயிர்த்தோழிகள். உள்ளே முனீஸ்வரிக்கு வயிறு எரியும். அவள் ஒரு ஓலையை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் முக்கிக்கொண்டிருப்பாள். தமிழ்மதி வந்து எட்டிப் பார்த்து, "இது மாட்டு வைத்தியம்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள். அது சரியாகவும் இருக்கும். அதுதான் தாங்காது. பொறுப்பாளர் ஸ்டீபன்ராஜ் சார், யார் வந்தாலும் முதலில் தமிழ்மதியைத்தான் கூப்பிட்டு அறிமுகம் செய்வார். முனீஸ்வரியை டீ சொல்லச் சொல்வார்.

போன வருஷம் வைகாசியில் தமிழ்மதி செத்துப்போனாள். ஓலைக்குத் தடவுகிற எலுமிச்சைப்புல் தைலத்தை ஒரு கேனில் வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லில் இருந்து வந்துகொண்டிருந்தாள். இதே ரோடு. இதே உச்சி நேரம். இடிந்த பம்ப்செட் ரூம் பக்கத்து வளைவில் வண்டி சறுக்கியது. கேன் உடைந்து தைலம் ரோடெல்லாம் ஓடியது. மழை பெய்த பிறகும் அந்த வளைவில் எலுமிச்சை வாடை போகவில்லை என்று பஸ்ஸில் போகிறவர்கள் சொல்வார்கள்.

முனீஸ்வரி அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, இனிமேல் நான் ஒருத்திதான் என்று மனசு ஓரத்தில் ஒரு குரல் சொன்னது. அதுவும் பொய்யில்லை.

அப்புறம்தான் தேசிய வலையமைப்பு வந்தது. நாட்டில் இருக்கிற சின்னச் சின்னக் காப்பகங்களின் கேட்டலாக்கையெல்லாம் ஒரே இணையதளத்தில் சேர்த்தார்கள். குவாஹாத்தியில் உட்கார்ந்திருப்பவரும் எரியோட்டுப் பக்கம் எந்த அலமாரியில் எந்தச் சுவடி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி பகலாகக் கண் எரிய உட்கார்ந்து அத்தனையையும் ஏற்றியவள் முனீஸ்வரி. ஆனால் விவரங்களுக்குக் கீழே நின்ற பெயர்? முக்கால்வாசி தமிழ்மதி.

மெயில் வர ஆரம்பித்தது. புனேயில் இருந்து, லண்டனில் இருந்து. தமிழ்மதி அவர்களுக்கு நன்றி, தமிழ்மதி அவர்களின் விவரம் அருமை... ஒவ்வொன்றையும் திறந்து படித்து, அவர் இப்போது இல்லை என்று பதில் போடுவதும் முனீஸ்வரியின் வேலை ஆனது. யோசித்துப் பாருங்கள். செத்தவளுக்கு வருகிற பாராட்டை உயிரோடு இருப்பவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறாள்.

அதோடு விட்டதா? தமிழ்மதியின் அம்மா, மகளுடைய குறிப்புகளையெல்லாம் கொண்டுவந்து காப்பகத்துக்கே கொடுத்தார். ஸ்டீபன்ராஜ் சார் அதைத் தனித் தொகுப்பு ஆக்கினார். ஒருவருடைய தாள்கள் காப்பகத்துக்கு வந்தால் அவரைப் பற்றிப் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு குறிப்பு எழுதிச் சேர்ப்பது அங்கே வழக்கம். சார் உருகி உருகி எழுதினார். முனீஸ்வரி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, சார் சிரித்த முகமாக வந்தார்.

"டெல்லியில விழா வைக்கிறாங்கம்மா. தமிழ்மதி பேருக்கு விருது. அவங்க அம்மாவுக்கு ஹிந்தி, இங்கிலீஷ் தெரியாது. நீ துணைக்குப் போயிட்டு வாரியா?"

துணைக்கு.

சார் கிளம்பிப் போனதும் முனீஸ்வரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பெயரைத் தேடி, அது இருக்கிற இடத்திலெல்லாம் இன்னொரு பெயரைப் போடுகிற வசதி உங்களுக்குத் தெரியும். மேலே தமிழ்மதி என்று அடித்தாள். கீழே தன் பெயரை அடித்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவா, எல்லாவற்றையும் மாற்றவா என்று அது கேட்டது. இந்த வேலை செய்கிற யாரும் ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான் பழகியவள். ஆனால் அந்தப் பெயரை இன்னொரு தடவை படிக்க அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் என்று தட்டினாள். அப்படியே வலையமைப்புக்கு அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டாள். படுத்துக்கொண்டு போனில் தன் பெயரைத் தேடினாள். பக்கம் பக்கமாக வந்தது. விவரித்தவர் முனீஸ்வரி. விவரித்தவர் முனீஸ்வரி. எத்தனை வருஷத்து எரிச்சல்... ஒவ்வொரு வரியும் அதன் மேல் தண்ணீர் ஊற்றியது. தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு இடத்தில் விரல் நின்றது.

'முனீஸ்வரி. சுவடி விவரணையாளர். எரியோடு சாலையில், பம்ப்செட் வளைவில், நண்பகலில் வாகன விபத்தில் காலமானார்.'

சார் உருகி எழுதிய குறிப்பு. அதிலும் பெயர் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காய்ச்சல்காரி மாதிரி கிடந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்க் கிட்டங்கியைத் திறந்து, தன் கம்ப்யூட்டரில் அந்தக் குறிப்பைத் திருத்தினாள். இங்கே திருந்தியது. வலையமைப்பில் திருந்தவில்லை. அதற்குள் மற்றக் காப்பகங்கள் நகல் எடுத்துவிட்டன. வலையமைப்பின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்; உச்சி நேரம் நெருங்கும்போதுதான் லைன் கிடைத்தது. சேதுபதி என்று ஒருவர் எடுத்தார்.

"திருத்தம்னா, விவரிச்சவங்களே கேக்கணும் மேடம். நீங்க யாரு பேசுறீங்க?"

"முனீஸ்வரி பேசுறேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம்.

"மேடம்... அவங்க இறந்துட்டாங்கன்னுல்ல இருக்கு?"

"நாந்தாங்க முனீஸ்வரி! உசுரோட உக்காந்து பேசுறேன்!"

"பக்கத்துல யாராச்சும் இருந்தாக் குடுங்க மேடம்," என்றார் அவர் தணிந்த குரலில். "உங்களுக்குப் பின்னால ஒருத்தங்க சிரிக்கிறது கேக்குது."

கிட்டங்கியில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கதவைப் பூட்டக்கூட நிற்கவில்லை. சார் அன்றைக்கு லீவு; திண்டுக்கல்லில் அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், பேர் அவளுக்கே போகட்டும், நமக்கு வேண்டாம்... அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். மணி என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவைக்காடு வந்தது. காற்று நின்றிருந்தது. தார் ரோடு பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது. கொஞ்ச தூரம் போனதும் எலுமிச்சை வாடை. வளைவு இன்னும் வரவே இல்லை... வாடை மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது.

அப்புறம் ஒரு சத்தம்.

டக்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்க ஓர் இரும்பு மடிந்திருக்குமே, அது விரிகிற சத்தம். இடது பக்கம். செத்த நேரம் கழித்து வலது பக்கம். டக். வண்டியின் பின்பக்கம் மெள்ள அமுங்கியது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

முனீஸ்வரி திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. "தமிழு... நான் மாத்திர்றேன்டி. உன் பேரை உனக்கே குடுத்துர்றேன்," என்றாள். அழுகையில் வார்த்தை குழறியது.

காதுக்குப் பக்கத்தில், தைலம் ஈரமாக நெடி அடிக்க, கோபமே இல்லாமல் பதில் வந்தது.

"பேரை மட்டும் எடுத்துக்கிட்டா எப்புடிடி? ... மிச்சத்தையும் நீயே வச்சுக்க."

முன்னால் பம்ப்செட் வளைவு.

ஆடு மேய்க்கிற பொன்னுத்துரை என்பவர்தான் முதலில் பார்த்தார். வண்டி ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. முனீஸ்வரி பம்ப்செட் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு சிராய்ப்புக் கிடையாது. தண்ணீர் கொடுத்து, "யாரும்மா நீ, பேரென்ன?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முனீஸ்வரி" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். எந்த ஓலையைக் கொடுத்தாலும் கடகடவென்று படித்தாளாம். பெயர் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து ஸ்டீபன்ராஜ் சார் கொதித்துப்போய் வந்தார்.

"எல்லாம் நான் எழுதுனதுதானே சார்," என்றாள்.

சார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது மெயில்கள் முனீஸ்வரி அவர்களுக்கு என்றுதான் வருகின்றன.

ஆடி அமாவாசைக்குப் பழனிக்குமார் திருப்பூரில் இருந்து வீட்டுக்குப் போனான். அப்பா இறந்ததில் இருந்து, அவருக்குப் படைத்துக் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். அன்றைக்கு அக்கா முதலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா காளியம்மாள் தள்ளி நின்று பரிமாறினார்.

"இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கட்டுங்களா?"

பெற்ற மகளிடம். பழனிக்குமாருக்கு என்னவோ போல் இருந்தது. அம்மாவின் பின்னாலேயே கொல்லைப்பக்கம் போனான்.

மதில் மேல் அப்பாவுக்கு ஓர் இலை வைத்திருந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் இன்னோர் இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்து நீர் நிற்காமல் வடிந்தது. வாயில் இருந்து மட்டும் ஒரு சத்தம் வரவில்லை.

"இது யாருக்கும்மா?"

காளியம்மாள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுடா... உங்கக்காவுக்குத்தான். உள்ள இருக்கவங்களுக்குக் கேட்டுறப் போகுது."