ஏ-யும் பி-யும் சேர்ந்தால்

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். பிச்சாட்டூரில் மாட்டைக் குளிப்பாட்டக்கூட ராகுகாலம் பார்ப்பார்கள். நான் இன்டர்மீடியட்டில் உயிரியல் படித்தவன். குவைத்தில் லாரி ஓட்டிய காலத்தில் அறைக்காரர்களுக்கு மரபியல் விளக்கியிருக்கிறேன். அவர்கள் தூங்கிவிடுவார்கள். அது மரபியலின் குற்றமல்ல.

என் மகன் ஸ்ரீஹரிக்கு ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் திருப்பதியில் ஏற்ற வேண்டும். வரதய்யபாளையம் பக்கம் தொழிற்சாலைகள் வரவும் குவைத்தை விட்டு வந்து, அந்த மாதம் நானே அழைத்துப் போனேன். நான் ஏ, என் மனைவி கல்பனா பி, பையன் ஓ என்றார் டாக்டர். மேலே ஏதோ விளக்க வந்தார். "படிச்சிருக்கேன் சார்" என்று நிறுத்திவிட்டேன். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஓ எங்கிருந்து வரும்?

பக்கத்துக் கட்டிலில் என் தம்பி கிரண்குமார் பையனுக்காக ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் ஓ. நான் இல்லாத வருஷங்களில் என் வீட்டைப் பார்த்துக்கொண்டவன்.

"ஜூஸ் தர்றாங்கணா. இதுக்காவே இன்னொரு பாட்டில் குடுக்கலாம்" என்று சிரித்தான்.

கணக்கு அங்கேயே முடிந்தது. நான் கத்தவில்லை. கல்பனாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன்தான் கேட்பான், எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுவாரம் வயலில் மோட்டார் மக்கர் செய்தது. தம்பி சேற்றில் நின்று ஒயரைப் பிரித்தான்.

"பீஸ் புடுங்கிட்டியாணா? தண்ணியில நின்னுகினு கீறேன்."

"புடுங்கிட்டேன்டா. நீ வேலயப் பாரு."

பொய் சொல்லவில்லை. பிடுங்கியிருந்தேன். அப்புறம் திரும்பச் சொருகினேன். அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

நேற்று நீங்கள் அழைத்து வந்த டாக்டர், ஏ-க்குள் ஓ ஒளிந்திருக்கும், பி-க்குள்ளும் இருக்கும் என்றார். தம்பி ஓ என்றால் எங்கள் நைனா, அம்மா இருவரிடமும் அது இருந்திருக்கிறது, எனக்கும் வந்திருக்கலாம் என்றார். வந்திருக்கலாமாம். படித்தவர் பேசுகிற பேச்சா அது?

வெள்ளிக்கிழமை பையனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். கல்பனா ஆஸ்பத்திரி வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாளாம். ஓ நாட்டில் நிறைய என்று படித்திருக்கிறேன்; அந்த வாசலில் ஒருவரும் இல்லை. என் ரத்தம் அவனுக்குச் சேராது. உங்கள் கான்ஸ்டபிள்களில் யாராவது ஓ இருந்தால் அனுப்புங்கள் சார், காலில் விழுகிறேன். யார் அனுப்பியது என்று கேட்டால், பையனோட நைனா என்று சொல்லச் சொல்லுங்கள்.