முத்தமிழ் சொன்ன மூன்று

வலியின் விலை எங்கள் பெரம்பலூர் விளையாட்டு விடுதியில் ஒன்று முதல் பத்து வரை, சார்.

தினமும் ஓடப்போகும் முன் பெண்கள் போனில் படிவம் நிரப்ப வேண்டும்: தூக்கம், சோர்வு, கால்வலி. வலி ஆறைத் தாண்டினால் திருச்சியில் இருக்கும் பிசியோ அன்றைக்கு ஓய்வு கொடுத்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான். போன் மட்டும் கோச்சான என் கையில் இருந்தது.

அப்பாவுக்கு வெங்காயத் தரகு. முதலில் சொல்லும் விலை விலையே அல்ல என்று கேட்டு வளர்ந்தவன் நான். வலியையும் அப்படித்தான் வாங்கினேன்.

பூங்குழலி கெட்டிக்காரி. "பத்து சார்" என்று ஆரம்பிப்பாள்.

"பத்துன்னா நீ ஆம்புலன்ஸ்ல வந்திருக்கணும். நாலு."

"கட்டுப்படி ஆகாதுங்க சார்."

ஏழில் முடியும். ஓய்வை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள்.

விக்கிரமங்கலத்து முத்தமிழுக்கு இந்த வித்தை வரவே இல்லை. நானூறு மீட்டரில் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டு, "எட்டுங்க சார்" என்றாள்.

"அஞ்சு."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவளுக்கு அப்படி என்ன வலித்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் ஏழு என்றாள், நாலாக்கினேன். அதற்கும் சரி என்றாள்.

போட்டி அரியலூரில். பஸ்ஸிலிருந்து படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கியவள், நான் கேட்காமலே சொன்னாள்: "மூணு சார்."

அடிமட்ட விலையில் ஆரம்பிக்கிற வியாபாரி பேசி அலுத்தவன். மூட்டைக்குள் அழுகல் இருக்கும். இது எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

"ரெண்டுன்னு போட்டுக்கறேன்" என்றேன். பழக்கம்.

இரண்டாவது வளைவில் எலும்பு முறிந்த சத்தம் கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். இனி ஓட முடியாது என்றார் டாக்டர்.

ஆமாம் சார், தெரிந்துதான் ஓடவிட்டேன். உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மூன்று நாளில் நான் குறைத்தது மூன்று, மூன்று, ஒன்று; ஆக ஏழு. நேற்று ஆஸ்பத்திரியில், அவளுக்கு மயக்கம் தெளியுமுன், படிவத்தை நானே நிரப்பினேன். கடைசியாக அவள் சொன்ன மூன்றோடு அந்த ஏழையும் சேர்த்து, வலி பத்து. பாக்கி ஏதுமில்லை.