கெடா சிலுப்பிருச்சு

உக்காருங்க தம்பி, எங்க ஓடுறீங்க? முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு ரத்தம் ஒழுவுது, இந்தப் பச்சமல எறக்கத்துல சைக்கிள உருட்டிக்கிட்டு எம்புட்டுத் தூரம் போயிருவீங்க? கூட வந்தவங்க கீழ போயித் திரும்பிப் பாத்துட்டு வருவாங்க. அருவாளப் பாத்து இப்ப நடுங்காதீங்க. என் ஆட்டுக்கெடாவ அடிச்சித் தள்ளுனீங்க பாருங்க, அப்ப நடுங்கியிருக்கணும். உங்களக் கண்டதுண்டமா வெட்டிப் போடணும்னுதான் ஓடியாந்தேன்.

லீவுக்கு மல பாக்க வந்தீங்களாக்கும்? நல்லா வந்தீங்க போங்க. இது ஆடுமாடு நடக்குற ரோடு. வளைவுல பெல்லடிச்சா அதுங்க ஒதுங்குமா? இப்ப மாடுங்க எறங்குற நேரம் வேற.

காசா? பர்ச உள்ள வைங்க, அறஞ்சிருவேன். விக்கிற கெடாவா இது? கருப்பு சாமிக்கு நேந்து விட்டது.

எதுக்கு நேந்துக்கிட்டேனா? அது கெடக்கட்டும், நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கெடா விழுந்து மூச்சு வாங்குதேன்னு பாட்டில் தண்ணிய அது தலயில ஊத்துனீங்க. படக்குனு எந்திரிச்சு ஒடம்பெல்லாம் சிலுப்புச்சே, பாத்தீங்கள்ல? பொழச்சிக்கிச்சுன்னு நீங்க சிரிச்சீங்க. நான் ஓங்குன அருவாளக் கீழ எறக்கிட்டேன்.

எங்க வழக்கம் தெரியாது உங்களுக்கு. கெடா தலயில தண்ணி ஊத்துவோம். சிலுப்புனா சாமி உத்தரவு குடுத்துருச்சு, வெட்டலாம். சிலுப்பலன்னா அருவாளக் கீழ வச்சிரணும், நாம கேட்டது நடக்காது. வெள்ளிக்கெழம தவறாம கோயில்ல நிறுத்திக் கொடங்கொடமா ஊத்திப் பாத்துட்டேன் தம்பி. கல்லாட்டம் நின்னுச்சு. விட்ரு சுந்தராம்பா, கருப்புக்கு இஷ்டமில்லன்னு பூசாரி செல்லமுத்து சொன்னாரு. நானும் அழுது தீத்துட்டு, சரி, அந்தப் படுபாவி பொழச்சிப் போவட்டும்னு மனச ஆத்திக்கிட்டு இன்னைக்குத்தான் இத மேய்ச்சலுக்கு ஓட்டியாந்தேன்.

யாரா? என் மருமவன் பூவரசன். அரியலூருப் பக்கத்து மாட்டு யாவாரி. எம் பொண்ணு தேவயானிய அவனுக்குத்தான் குடுத்தேன். சீமெண்ணெய ஊத்திக் கொளுத்திப்புட்டு ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னான். ஆஸ்பத்திரியில வாழ எலயில கெடத்தியிருந்தாங்க. தலமுடி ஒண்ணு இல்ல, மூஞ்சி இருந்த எடத்துல மூஞ்சி இல்ல. கொரல வச்சித்தான் எம் புள்ளன்னு தெரிஞ்சிக்கிட்டேன். வலிக்குதும்மான்னா. அதோட போயிட்டா. சாட்சி பத்தலன்னு அவன வுட்டுட்டாங்க. வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வெளிய வந்தான் தம்பி, என்னப் பாத்து அத்தேன்னு கூப்புட்டான்.

அழுவாதீங்க. உங்க மேல எனக்குக் கோவமில்ல. நீங்களா ஊத்துனீங்க? கருப்புல்ல உங்க கையில பூந்து ஊத்துனான்! வாங்க, பின்னங்கால ரெண்டையும் சேத்துப் புடிங்க. புடிய்யான்னா! கண்ண வேணா மூடிக்குங்க.

கருப்பா!

ஆச்சு, ஆச்சு. விட்ருங்க, துள்ளி அடங்கிரும். சட்டையில தெறிச்சிருச்சா? துண்டால தொடச்சிக்குங்க. வாந்தி வந்தா அந்தப் பக்கம் எடுங்க.

அருவாள ஏன் கழுவாம வச்சிருக்கேனா? மேல மணிச் சத்தம் கேக்குதுல்ல. பூவரசந்தான், மேல ஊருங்கள்ல வெலைக்குப் புடிச்ச மாட்டச் சந்தைக்கு ஓட்டியாறான். எப்பவும் மாட்டுக்கு முன்னாலதான் நடந்து வருவான்.

சைக்கிள ஓரமா இழுத்துப் போடுங்க தம்பி. ரத்த வாடைக்கு மாடு மெரளும்.