கடைசியாகத் தொட்ட கட்டை

ஆதி: மறுபடியும் ஊளை வுடுது பாரு! கேட்டியா கலா?

கலா: கேட்டுச்சி, கேட்டுச்சி. தெருக்கோடி நாய்கூட பதில் சொல்லிச்சி.

ஆதி: சிரிக்காத. நாலு மணி வண்டியப் புடிக்கணும். மீஞ்சூர்ல ஏழு மணிக்குக் கச்சேரி. மொத பாட்டுல மொத சத்தமே இந்த சிந்தசைசர் பொட்டிதான். அது இப்டி பாதாளத்துலேர்ந்து ஏறி வந்துச்சின்னா...

கலா: உக்காரு மாமா. நீ ஊட்டுக்குள்ள நடந்தா வண்டி சீக்கிரம் வந்துடுமா?

ஆதி: உனுக்கு இன்னா தெரியும்? பாட்டுக் குழு பூவராகவனோடது, பொட்டியும் அவரோடது. இன்னிக்கி மேடையில சொதப்பிச்சின்னா பொட்டியத் தூக்கி திருவள்ளூர்ல வாசிக்கற துளசிராமன்கிட்ட குடுத்துடுவேன்னுட்டாரு.

கலா: ...குடுத்துடுவாரா?

ஆதி: நாளைக்கே. ஏன், சனியன் ஒழிஞ்சிதுன்னு சந்தோசப்படேன். பொட்டி வந்த அன்னிக்கி நீதானே சொன்னே, இத வெக்க எடம் வேணும்னா நான் வெளியில படுக்கணுமான்னு.

கலா: அது பொங்கலுக்கு முன்னாடி சொன்னது. ஆமா, சட்டைப் பையில இன்னா ரெண்டு டிக்கெட்டு? பொட்டிக்கும் டிக்கெட்டா?

ஆதி: அது... பூவராகவனுக்கு.

கலா: அவரு காலையிலயே மீஞ்சூரு போயிட்டாருன்னியே.

ஆதி: ஐய, பேஜாரு பண்ணாத! இங்க உசுரு போவுது எனக்கு.

கலா: சரி, கத்தாத. பொட்டிக்கு இன்னா கோளாறு, அதச் சொல்லு.

ஆதி: சொன்னா உனுக்குப் புரியாது.

கலா: சொல்லேன். புரியலன்னா புரியலன்னு சொல்றேன்.

ஆதி: ஆர்மோனியத்துல ஒரு கட்டைய வுட்டு இன்னொரு கட்டைய அமுக்கினா சத்தம் தாவும். படி ஏறுற மாதிரி. இதுல இந்தத் திருகைத் திருப்பி வெச்சா தாவாது. வழுக்கிக்கினே போவும், நடுவுல கீற எல்லாத்தையும் தொட்டுக்கினு...

கலா: நம்ம கம்பெனி சங்கு மாதிரி. கீழேர்ந்து ஏறிப் போய் நிக்குமே.

ஆதி: ம்... ஆமா. திருகைக் கம்மியா வெச்சா வழுக்குறதே தெரியல. அதிகமா வெச்சா பாட்டு முடிஞ்சப்பறம்தான் போய்ச் சேருது. ரெண்டு மாசமா மல்லு கட்டறேன்.

கலா: அய்ய, இன்னாத்துக்கு இடது கையால அமுக்கற?

ஆதி: வலது கையில டீ கிளாஸு கீது.

கலா: அந்த டீ ஆறி ஆடை கட்டிடுச்சி. கீழ வையேன்.

ஆதி: பேச்ச மாத்தாத. கேளு. இந்தப் பொட்டிக்கு ஒரு பழக்கம் கீது. கடைசியா எந்தக் கட்டையத் தொட்டோமோ அத ஞாபகம் வெச்சிக்கும். கைய எடுத்துட்டு அப்பறம் வந்து வேற கட்டைய அமுக்கினாலும், பழைய எடத்துலேர்ந்துதான் வழுக்கிக்கினு வரும்.

கலா: வரட்டும். இப்ப இன்னா அதுக்கு?

ஆதி: நான் டிக்கெட் வாங்க டேசனுக்குப் போனேனா... சூடு ஆறினா சுதி நிக்காதுன்னு பொட்டிய அணைக்காம வுட்டுட்டுப் போனேன். கடைசியா நான் தொட்டது மேல்கோடிக் கட்டை. அப்ப இது மேலேர்ந்துதானே எறங்கி வரணும்? வந்து மொத கட்டைய அமுக்கினதுமே கீழேர்ந்து ஏறிச்சே!

கலா: ...எலி ஓடியிருக்கும்.

ஆதி: எலியா?

கலா: இல்லன்னா பக்கத்து ஊட்டுக் கங்கம்மா. மொறம் கேட்டுக்கினு வந்தா, அவ கை சும்மா இருக்காது.

ஆதி: கங்கம்மா கவரைப்பேட்டைக்குப் பொண்ணு ஊட்டுக்குப் போறா. இப்பதான் டேசன்ல பாத்துட்டு வரேன்.

கலா: ...அப்ப எலிதான்.

ஆதி: எலி திருகையும் திருப்பி வெச்சிதா? நான் ரெண்டு மாசமாத் தேடுன எடத்துல கரெக்டா வெச்சிதா?

கலா: தே, உனுக்கு இப்ப இன்னா, ஊளை போவணும், அவ்ளோதானே? வால்யூம மூடிக்கோ. பக்கத்துக் கட்டைய ஒருவாட்டி சத்தமில்லாம அமுக்கி வுடு. அப்பறம் வால்யூமத் தொறந்துட்டு உன் கட்டைய அமுக்கு. கிட்டக்கேர்ந்து வரும், கொஞ்சூண்டுதான் வழுக்கும்.

ஆதி: வால்யூம மூடிக்கினு... பக்கத்துக் கட்டைய...

கலா: இன்னா அப்டிப் பாக்கற?

ஆதி: நீ அமுக்கு.

கலா: நானா? எனக்கு இன்னா தெரியும்?

ஆதி: அமுக்குமே.

கலா: கையெல்லாம் மாவு.

ஆதி: முந்தானையில தொடச்சிக்கோ.

கலா: ...ஒருவாட்டிதான். சிரிக்கக் கூடாது.

ஆதி: சிரிக்கல. வால்யூம மூடிட்டியா? ஆங், இப்ப அமுக்கு.

கலா: தோ... போதுமா?

ஆதி: ...ஊளையே காணோம். அப்டியே வந்து உக்காந்துச்சி கலா. இன்னொருவாட்டி.

கலா: போதும்னேன். வண்டிக்கு நேரமாவுது.

ஆதி: இத உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

கலா: யாரு குடுப்பா? திருவாலங்காட்டுல எங்க கழனியில நடவு நடறப்ப முன்னாடி ஒருத்தி பாடுவா. அவ வுட்ட எடத்துலேர்ந்துதான் நாங்க இழுத்துக்கினு வருவோம். தூரத்துலேர்ந்து இழுத்தா எல்லாரும் சிரிப்பாங்க. பொட்டியும் அப்டித்தான்னு தோணிச்சி... நெசமா நீ ஒண்ணும் திட்ட மாட்டியே?

ஆதி: எனக்குத் தெரியும்.

கலா: இன்னா தெரியும்?

ஆதி: ஷிப்டு முடிஞ்சி வந்து பொட்டி மேல கைய வெச்சா சூடா கீது. வாசிக்க ஆளு இல்லாத ஊட்டுல பொட்டி ஏன் சூடாவுது? இன்னிக்கி வேணும்னேதான் மேல்கோடிக் கட்டையத் தொட்டுட்டுப் போனேன்.

கலா: படுபாவி! அப்ப இவ்ளோ நேரம் கோளாறு, கோளாறுன்னு நடந்தது?

ஆதி: அது நடிப்பு இல்லமே. உன்ன எப்டிக் கேக்கறதுன்னு தெரியாம நடந்தேன். புதன்கெழமையே பூவராகவன்கிட்ட சொல்லிட்டேன். மீஞ்சூருக்கு வாசிக்க ஆதிநாராயணன் வரமாட்டான், அவன் சம்சாரம் வருவான்னு. பொம்பளையான்னு இழுத்தாரு. அப்பறந்தான் துளசிராமன் பேச்சு வந்துது.

கலா: என்னக் கேக்காமயா சொன்னே?

ஆதி: தப்புதான். கம்பெனி பிரஸ்ஸுல விரலு மாட்டிச்சே, சும்மா ஒரசல்னு சொன்னேன்ல... நரம்பு போச்சாம் கலா. நடுவிரலு இனிமே மடங்காதுன்னுட்டாரு டாக்டரு. சொன்னா அழுவியேன்னு...

கலா: சட்டைப் பொத்தான இடது கையால போடறவன எனக்குத் தெரியாதா? அன்னிக்கே கெணத்தடியில அழுது முடிச்சிட்டேன்.

ஆதி: அப்ப என் விரலு போச்சேன்னுதான் நீ கத்துக்கினியா?

கலா: இல்ல மாமா. உன் விரலு அடிபட்டது மாசியில. நான் தை மாசத்துலேர்ந்தே வாசிக்கறேன். எனக்கு ஆசையா இருந்துச்சி, அவ்ளோதான். தோ, உன் பையத் தொறந்து பாரு, உன் சட்டைக்கு அடியில என் பச்சைப் பொடவை கீது. மேடையில உன் விரலு நின்னுச்சின்னா நான் ஏறி உக்காந்துடலாம்னு காலையிலயே மடிச்சி வெச்சிட்டேன்.