மேனேஜருக்குச் சுண்ணாம்புச் சத்து

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று நான் முழங்கிப் பழகியபோது, வெளியே இருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்: "உள்ள மொத்தம் எத்தனை பேருங்க?" அப்படிப் பாடுபட்டுப் பழகிய வணக்கம் இது. வீணாக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கத்தின் சிங்கமே, கிளிக்கும் நாய்க்கும் ஒரே கடையில் தீனி தரும் கருணைக் கடலே, தலைவர் அவர்களே! வலிக்காமல் ஊசி போடும் கால்நடை டாக்டரம்மா அவர்களே! முன்வரிசையில் மீசையோடு வீற்றிருக்கும் பெரியவர்களே! அந்த மீசைகளை அடக்கி ஆளும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்த புத்திசாலிகளே! இடம் கிடைக்காத என் இனத்தவர்களே! எல்லோருக்கும் வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு வழியனுப்பியது. வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் பேச வந்திருப்பது வெற்றியைப் பற்றி! வாளெடுத்து வென்ற வெற்றியா? இல்லை. வாக்கெண்ணி வென்ற வெற்றியா? இல்லவே இல்லை. வாளியைத் தட்டிவிட்டு வென்ற வெற்றி!

இதோ, மேசைமேல் தொட்டிக்குள் கழுத்தை நீட்டி உங்களை எடைபோட்டுக்கொண்டிருக்கிறாரே, இவர் என் தங்கச்சி வளர்க்கும் நீராமை. இன்றைய போட்டியில் ஓட்டின் உறுதிக்கு முதற்பரிசு வாங்கப் போகிறவர். பெயர் மேனேஜர். ஏன் மேனேஜர்? மெதுவாக வருவார், வந்த இடத்தில் உட்காருவார், எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

தங்கச்சி தையல்கடை வைத்திருக்கிறாள். மிஷினுக்குப் பக்கத்தில்தான் தொட்டி. மிஷின் கடகடவென்று ஓடினால் போதும், மேனேஜர் தண்ணீரை விட்டுக் கல்மேல் ஏறிக் கழுத்தைத் தூக்குவார். தைத்ததைத் தூக்கிக் காட்டி, "சரியா இருக்கா?" என்று அவரிடம்தான் கேட்பாள். அந்தக் கடையில் குறை சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ஏறவில்லை. மிஷின் ஓடியது, ஏறவில்லை. கெஞ்சிக் கூப்பிட்டாள், ஏறவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால், கல்லாக இருக்க வேண்டிய ஓடு காலர் துணியாக அமுங்கியது! அவர் கால்கள் நடுங்கின. தங்கச்சி மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டாள். "அண்ணே, இது எந்திரிச்சாத்தான் இனிமே மிஷின் ஓடும்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வேனில் வைத்துக்கொண்டு பறந்தேன் டாக்டரம்மாவிடம்.

"என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"காய்ஞ்ச இறால் மட்டுந்தான் டாக்டர். வேற எதையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு."

"வெயில்ல வைக்கறதுண்டா?"

"ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கு. தைச்ச துணி வெளுத்துடுமே!"

டாக்டரம்மா பார்த்த பார்வையில் நான் என் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். "சுண்ணாம்புச் சத்து சுத்தமா இல்ல. எக்ஸ்ரே பார்த்துட்டு, எதை எவ்வளவு குடுக்கணும்னு போன்ல சொல்றேன்" என்றார்கள்.

மேனேஜரைத் தொட்டியில் விட்டுவிட்டு, இதை அப்படியே கடையில் சொன்னேன். வந்தது வினை! தங்கச்சி வீட்டுக்காரர், என் அருமை மாப்பிள்ளை, என்ன தொழில் செய்கிறார்? சுவருக்கு வெள்ளையடிக்கிறார்! 'சுண்ணாம்பு' என்ற சொல் காதில் விழுந்தது. 'சத்து' விழுவதற்குள் ஆளைக் காணோம். திரும்பி வந்தார். ஒரு கையில் வாளி நிறையச் சுண்ணாம்பு, மறு கையில் கலக்குகிற குச்சி!

"என்ன மாப்ளே இது?"

"நம்மகிட்ட இல்லாததா மச்சான்? நயம் சரக்கு. பெரிய பங்களாவுக்கெல்லாம் இதுதான் அடிக்கறேன்."

"ஆமைக்கு வெள்ளையடிக்கவா கூப்பிட்டோம்?"

"ரெண்டு கரண்டி போதும். ஓடு அப்படியே மதில் மாதிரி நிக்கும், பாருங்க!"

வாளி சாய்ந்தது. தங்கச்சி எழுந்தாள், கையில் கத்தரிக்கோலோடு! "ஒரு சொட்டு உள்ள விழட்டும், உங்க மீசை இன்னிக்கு என் கையில!" அவள் தட்டிய தட்டில் வாளி உருண்டது. தொட்டிக்குள் ஒரு துளி விழவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் இடுப்புவரை வெள்ளையடித்தாயிற்று!

யாரது, பின்வரிசையில் எழுந்து நிற்பது? மாப்பிள்ளையா? என்ன, முழங்கால்வரைதானா? சரி, திருத்திக்கொள்கிறேன். சபையும் திருத்திக்கொள்ளட்டும்!

நடந்ததைச் சொன்னதும், போனில் டாக்டரம்மா முதலில் சிரித்தார்கள், அப்புறம் திட்டினார்கள். "சுவத்துச் சுண்ணாம்பு பட்டா கண்ணு வெந்துடும்யா! நான் சொன்னது கால்சியம்!" தீனியில் பிசைந்து கொடுக்கப் பொடி. தொட்டியில் மிதக்கவிடக் கணவாய் மீனின் ஓடு. மேலே காலை வெயில், இல்லையென்றால் அதற்கென்றே விற்கிற விளக்கு.

காலைக் கழுவிய ஈரம் காயுமுன்னே மீன் சந்தைக்கு ஓடினார் மாப்பிள்ளை. கணவாய் ஓட்டை அலசிக் காயவைத்து, சுவரில் பட்டி பூசுகிற தகட்டாலேயே பின்பக்கத்துக் கெட்டியான பகுதியைச் சுரண்டி எடுத்தார். இதோ, இந்த வெள்ளைத் துண்டுகள்தான். தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகத் தலைவர் பக்கத்தில் தட்டில் வைக்கிறேன்.

திரை விலகியது, வெயில் விழுந்தது, பொடி கலந்தது. மேனேஜரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாரங்கள் போயின. உறைக்குள் மிஷின் ஊமையாக இருந்தது, தங்கச்சி தொட்டியை விட்டு நகரவில்லை. நான் சொன்ன சிரிப்புக் கதைக்கெல்லாம் நானே சிரித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், 'கறுக்' என்றொரு சத்தம். கணவாய் ஓட்டைக் கடித்துவிட்டார் மேனேஜர்! அன்றிலிருந்து தினமும் 'கறுக்'தான்! காலை ஊன்றினார், சறுக்கினார். மறுபடி ஊன்றினார், மறுபடி சறுக்கினார். பிறகொருநாள், ஏறினார் ஐயா, ஏறினார்! கல்மேல் ஏறிக் கழுத்தைத் தூக்கி, மூடிக்கிடந்த மிஷினைப் பார்த்தார், 'ஏன் இன்னும் வேலை ஆரம்பிக்கலை?' என்று! உறை பறந்தது! மிஷின் முழங்கியது! மாப்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதார். கேட்டால், கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டதாம்!

தாய்மார்களே, 'ஓடு' என்றால் நமக்கு ஓடிப்போவது. ஆமைக்கு ஓடு என்றால் நின்று காட்டுவது! வாய் இருக்கிற நமக்கே வலித்தால் சொல்லத் தெரியவில்லை. வாய் பேசாத அது யாரிடம் சொல்லும்? ஓட்டைத் தொட்டுப் பாருங்கள்! ஒரே தீனியைக் கொட்டாதீர்கள்! சத்தைக் கொடுங்கள், வெயிலைக் கொடுங்கள், கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்! கேட்டதை, தயவுசெய்து, கடைசிச் சொல்வரை கேளுங்கள்!

பொறுத்துக்கொண்ட காதுகளுக்கும், தட்டிச் சிவந்த கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.

ஒரு சிறு அறிவிப்பு. தட்டில் வைத்த கணவாய் ஓட்டைக் காணவில்லை. தலைவர் அவர்கள் டீயில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். பிஸ்கட் தட்டு இந்தப் பக்கம் இருக்கிறது.