எற்னாவில் நல்ல பனி

இந்தத் தேத்தண்ணிக்குப் பால் கூடிப்போச்சு. பரவாயில்லை தங்கச்சி, குடிக்கிறன். நீங்கள் மொழிபெயர்க்க வந்த பிள்ளை, உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. நான் ஆறுதலாய்ச் சொல்லுறன், இந்தப் பொலிஸ்காரருக்கு அப்பிடியே சொல்லுங்கோ. என்னை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு வரேல்லை. நானாய்த்தான் கோலியர்ஸ் வுட்டில பஸ் ஏறி வந்தனான்.

என்ர பேர் மரியதாஸ். லண்டனுக்கு வரமுதல் கனகாலம் சிசிலியில இருந்தனான். அங்கை எற்னா எண்டு ஒரு எரிமலை. எரிமலை எண்டவுடனை நெருப்பை நினைக்காதேங்கோ. குளிர்காலத்தில அது முழுக்கப் பனி, சனம் சறுக்கி விளையாட வரும். மலையடியில சறுக்குக் கட்டை, சப்பாத்து வாடகைக்குக் குடுக்கிற கடையில வேலை செய்தனான். நானும் சறுக்கப் பழகினன். எந்தப் பனி ஆளைத் தாங்கும், எது விழுத்தும் எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும்.

அந்த நேரந்தான் என்ர தம்பி இம்மானுவேலை ஊரில இருந்து கூப்பிட்டனான். களவாய் ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரன்ர ஆள் ஒருத்தன் எல்லை மலையொண்டால ஆக்களை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தவன். தம்பி பனியில விழுந்து காலை முறிச்சுப்போட்டான். "இதில இரு, ஆக்களோட வாறன்" எண்டுபோட்டுக் கூட்டிவந்தவன் மற்றவையளோட இறங்கிட்டான். பனி உருகின பிறகுதான் தம்பியைப் பிரேதமாய் எடுத்தவை. இதைக் கூட வந்த பெடியன் ஒருத்தன் எனக்குச் சொன்னவன். கூட்டிவந்தவன்ர பேர் பெனடிக்ற், கன்னத்தில வெட்டுக்காயம் எண்டும் சொன்னவன்.

லண்டனில முதல் ஞாயிறு, சேர்ச்சில பூசை முடிய ஒருத்தன் வந்து கை குடுத்தான். "புதுசோ அண்ணை? நான் பெனடிக்ற், டூட்டிங்கில கடை வைச்சிருக்கிறன்." கன்னத்தில வெட்டுக்காயம். தம்பி கள்ளப் பாஸ்போட்டில வேற பேரில வந்தபடியால் நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லேல்லை. வீட்டுக்குப் போய்வந்து பழகினன். நல்லாய்ச் சாப்பாடு போடுவினம்.

அவனுக்கும் ஒரு தம்பி இருந்தான், ஜெனோசன். தாய் தகப்பன் இல்லாமல் பெனடிக்ற் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கார் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கேக்கை, ஆஸ்பத்திரி வாசலில பெனடிக்ற் என்ர தோளில சாய்ஞ்சு அழுதான். நான்தான் ஆகத்தம்மாளுக்கு நேர்த்தி வையெண்டு சொன்னனான். எற்னா நெருப்பை மறிச்ச புனிதை எண்டு சிசிலிச் சனம் அவவைக் கும்பிடும். தம்பி எழும்பினால் மாசியில, அவவின்ர திருநாளுக்கு, அவனை அந்த மலையில ஏத்தி மெழுகுதிரி கொளுத்துவிக்கிறன் எண்டு பெனடிக்ற் நேர்ந்தான். எங்கட சனத்தில நேர்த்தி வைக்கிறது ஒருத்தர், நிறைவேத்திறது மற்றவர். பாதியில திரும்பினால் குடுத்த உயிரைத் திருப்பி எடுத்துப்போடுவா எண்டு பயம். இதை இவருக்கு நல்லாய் விளங்கப்படுத்துங்கோ.

ஜெனோசன் எழும்பினான். "ஏறிக் கும்பிடுறன், ஆனா இறங்கேக்கை சறுக்கித்தான் வருவன்" எண்டு நிண்டான். மில்டன் கீன்ஸில கூரைக்குக் கீழ செயற்கைப் பனி போட்டு வைச்சிருக்கினம், அங்கை கூட்டிக்கொண்டுபோய் நான்தான் பழக்கினனான். விழுந்தாலும் சிரிப்பான். எனக்கு அவனில நல்ல விருப்பம், பொய் சொல்லேல்லை.

பயணத்துக்கு முதல்நாள் பெனடிக்ற் வீட்டில இருந்து மலைநிலவரம் சொல்லுற நம்பருக்கு அடிச்சு, எல்லாருக்கும் கேக்க ஸ்பீக்கரில போட்டன். இத்தாலிப் பாசை எனக்கு மட்டுந்தான் தெரியும். வாடைக்காத்து மேல்பக்கப் பனியைச் சுரண்டிக் கண்ணாடிக் கட்டியாக்கிப்போட்டுது, சப்பாத்துக்கு இரும்புப்பல் பூட்டாமல் ஏறாதேங்கோ, இந்தக் கிழமை முழுக்க மத்தியானத்துக்குப் பிறகு புகார் மூடி ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது, மேல சறுக்கவே வேண்டாம். அந்த மனிசன் அப்பிடித்தான் சொன்னது.

"காத்து இல்லையாம், புதுப்பனி, மா மாதிரிக் கிடக்காம்" எண்டன். "இரும்புப்பல் வீண் பாரம், விட்டிட்டுப் போங்கோ. கும்பிட்டிட்டு மத்தியானத்துக்குப் பிறகு ஆறுதலாய் இறங்குங்கோ."

பெனடிக்ற்றின்ர மனிசி மேரிசாந்திதான் ரோல்ஸ் தட்டோட நிண்டு யோசிச்சவ. "அண்ணை, அந்தாள்ர குரல் என்னவோ பயமுறுத்திற மாதிரிக் கிடக்கு."

"இத்தாலிக்காரர் தக்காளி விக்கிறதும் அப்பிடித்தான் பிள்ளை" எண்டன். எல்லாரும் சிரிச்சவை. மலையில ஆரும் மறிச்சாலும் கேக்காதேங்கோ, வழிகாட்டிமாருக்கு அது பிழைப்பு எண்டும் சொல்லிவிட்டன்.

வழிகாட்டிமார் மறிச்சவையாம். நேர்த்தியெல்லோ, அண்ணனும் தம்பியும் நிக்கேல்லை. மெழுகுதிரி கொளுத்திப்போட்டுச் சறுக்கின ஜெனோசன் கட்டிப்பனியில வழுக்கிப் போய்க் காலை முறிச்சுப்போட்டான். பெனடிக்ற் தட்டுத்தடுமாறி அவனிட்டை இறங்கிப் போய், தன்ர ஜக்கெற்றைப் போர்த்துவிட்டு, ஆக்களைக் கூட்டிவர ஓடினான். அதுக்கிடையில புகார் மூடிப்போட்டுது. அடுத்தநாள்தான் பெடியனை எடுத்தவை. வழுக்கினது என்ர வேலை. கால் முறிஞ்சது ஆகத்தம்மாள்ர வேலை எண்டுதான் நினைக்கிறன், நான் அவ்வளவுக்குக் கேக்கேல்லை.

எல்லாரும் விபத்தெண்டு எழுதி முடிச்சாச்சு, பிறகேன் வந்தனீங்கள் எண்டு இவர் கேக்கிறார். போன கிழமை சவ அடக்கம் முடிய பெனடிக்ற் என்னை ஒரு பக்கமாய்க் கூட்டிக்கொண்டு போனான். "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுறன். முந்தி ஒரு பெடியனை நான் இப்பிடித்தான் பனியில விட்டனான். ஆக்களோட திரும்பிப் போனனான் அண்ணை. விடியும்வரை கத்திக்கொண்டு தேடினம். புகாருக்குள்ள இடம் பிடிபடேல்லை. அதுக்குத்தான் கடவுள் இப்ப என்னைத் தண்டிச்சுப்போட்டார்" எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதான்.

எனக்கு அது பொறுக்கேலாமல் போச்சு. கடவுளாம். கடவுள் இல்லை, இம்மானுவேலின்ர தமையன் எண்டு அவனுக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் வந்தனான். இவரைக்கொண்டு அவனுக்குச் சொல்லுவியுங்கோ.

அவன் திரும்பிப் போனனான் எண்டு சொன்னதை எழுதவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அது பொய். இவ்வளவு காலமும் அதைப்பற்றி நான் அவனை ஒருநாளும் கேட்டதில்லை, கேக்கத் தேவையும் இருக்கேல்லை. பொய்யாய்த்தான் இருக்கவேணும் தங்கச்சி. இல்லாட்டி ஜெனோசனை நான் என்னத்துக்குச் சாக்காட்டினனான்?