தெஹியோவிட்ட சந்தாதாரர்

சுகந்தினி: ...அப்ப இந்த மாசமும் வராதாண்ணே?

யோகராஜ்: இந்த மாசம் மட்டுமில்ல, தங்கச்சி. இனிமே நம்ம ‘கட்டளை’ கம்ப்யூட்டர் பத்திரிகையே வராது.

சுகந்தினி: ஐயோ அனே... என்ன, திடீர்னு?

யோகராஜ்: திடீர்னா? பதினாலு இதழா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. காலையில மாவனல்லை அச்சகத்துக்குப் போனேன். தாள் வெல மறுபடியும் ஏறிருச்சாம். “முன்காசு இல்லாம மெஷின் ஓடாது தம்பி”ன்னுட்டாரு மஷூர் நானா. என்னையப் பாத்துச் சொல்ல முடியாம மெஷினப் பாத்துச் சொன்னாரு.

சுகந்தினி: நூறு மட்டும் அடிச்சா?

யோகராஜ்: நூறு அடிச்சாலும் ஐந்நூறு அடிச்சாலும் பிளேட்டுச் செலவு ஒண்ணுதான். கொறச்சா, ஒவ்வொண்ணுக்கும் செலவு கூடும்.

சுகந்தினி: அப்ப வெலய ஏத்துங்க.

யோகராஜ்: யாரு வாங்குவா? கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவன் இங்கிலீஷ்ல படிக்கிறான். தமிழ்ல படிக்கிறவங்ககிட்ட கம்ப்யூட்டரே இல்ல. ஸ்கூல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி, முப்பது புள்ளைங்க போட்டோ கொப்பி அடிச்சிக்குதுங்க.

சுகந்தினி: படிக்குதுங்கல்ல!

யோகராஜ்: படிக்குதுங்க... கொப்பிக் கடைக்காரருக்கு நல்ல யாவாரம்.

சுகந்தினி: பின்னட்டை வெளம்பரம்? அந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ்காரங்க...

யோகராஜ்: நாந்தானே கெடுத்துக்கிட்டேன். அவங்க சேட்டிபிக்கட்ட எங்கயும் எடுக்க மாட்டாங்கன்னு உள்ள எழுதிட்டு, வெளிய வெளம்பரம் கேட்டா?

சுகந்தினி: உள்ளதத்தானே எழுதினீங்க.

யோகராஜ்: உள்ளத எழுதி, நாலு மாசமா பின்னட்டை வெள்ளையா வருது. அதுல கோலம் போடலாம்னு நீதானே சிரிச்ச.

சுகந்தினி: இப்ப சிரிப்பு வரல... கடைகள்ல?

யோகராஜ்: வரக்காப்பொல கடையில இருபது போட்டேன். பதினேழு திரும்பி வந்துச்சி, வெயில்ல அட்டை வெளுத்து. வித்த மூணுக்கும் “அடுத்த மாசம் வாங்க மாத்தயா”ன்னு மரியாதையா அனுப்பிட்டாரு கடைக்காரரு.

சுகந்தினி: சந்தாக்காரங்க இருக்காங்களே...

யோகராஜ்: அவங்களாலதான் இத்தன நாளு மூச்சே இருந்துச்சி. மொத்தம் நாப்பத்தோரு பேரு. மார்ச்சுலேர்ந்து மட்டும் இருபத்து மூணு பேரு புதுசு! அவங்க மிச்சச் சந்தாச் சல்லிய திருப்பிக் குடுத்துறணும்.

சுகந்தினி: லிஸ்ட்ட என்கிட்ட குடுங்க. மணியோடர் நானே போட்டுர்றேன்.

யோகராஜ்: மத்தவங்களுக்குப் போடு. காத்தமுத்து மாஸ்டர் வீட்டுக்கு மட்டும் நானே போறேன். நாளைக்கே, தெஹியோவிட்டைக்கு.

சுகந்தினி: எதுக்கு?

யோகராஜ்: மாசாமாசம் கடுதாசி போட்ட ஒரே ஆளு. நான் இதழ்ல போட்ட புரோகிராம்ல ஏழாவது வரி பிழைன்னு புடிச்ச ஆளு! நேர்ல போயி மன்னிப்புக் கேக்கணும்ல.

சுகந்தினி: மழைண்ணே... ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்காம்.

யோகராஜ்: பஸ் ஓடுது.

சுகந்தினி: அவரு இல்லாட்டி?

யோகராஜ்: ஸ்கூல் மாஸ்டர் எங்க போகப் போறாரு? இருந்து பாத்துட்டு வர்றேன்.

சுகந்தினி: வேணாம்ண்ணே.

யோகராஜ்: ஏன்?

சுகந்தினி: போகாதீங்க... அங்க அவரு இல்ல.

யோகராஜ்: மாத்தலாகிப் போயிட்டாரா? ஒனக்கு எப்பிடித் தெரியும்?

சுகந்தினி: அப்பிடி ஒரு ஆளு இருந்தாத்தானே மாத்தலாக...

யோகராஜ்: என்ன சொல்ற?

சுகந்தினி: நாந்தாண்ணே. அந்த இருபத்து மூணு பேரும் நாந்தான். கார்மெண்ட் ஓவர்டைம் காசு. கூட தைக்கிற புள்ளைங்கள விட்டு ஆளுக்கொரு கையெழுத்துல எழுத வச்சேன்.

யோகராஜ்: மாசாமாசம் அனுப்பினோமே... அந்தப் புஸ்தகமெல்லாம்?

சுகந்தினி: தபால் கந்தோருக்குக் கொண்டு போறது நாந்தானே. அதுங்கள மட்டும் எடுத்து வச்சிக்குவேன். எல்லாம் என் பொட்டிக்குள்ள இருக்கு.

யோகராஜ்: அந்த ஏழாவது வரி...?

சுகந்தினி: அதுவும் நாந்தான். நீங்க கிளாஸ் எடுக்கப் போன நேரம், ஒங்க கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தேன். ஓடல... அச்சாகி வந்ததுக்கு அப்புறம்தான் பிழை தெரிஞ்சிச்சி.

யோகராஜ்: ஏன் இப்பிடிப் பண்ணின?

சுகந்தினி: மார்ச்சுல நீங்க சாப்பாடு எறங்காம கூரை மோட்டப் பாத்துக்கிட்டே கெடந்தீங்க. யாராச்சும் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா எந்திரிச்சிருவீங்கன்னு நெனச்சேன். திட்டுங்கண்ணே.

யோகராஜ்: திட்ட என்ன இருக்கு... மார்ச்சுல கொழும்புக் கம்பெனி ஒண்ணு வேலைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்துச்சி. ஒன்கிட்ட சொல்லல. மாசம் பதினெட்டாயிரம், தங்க எடமும் தர்றோம்னாங்க. போறதா வேணாமான்னுதான் மோட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். போயிர்றதுன்னு முடிவெடுத்த அன்னிக்கி காத்தமுத்து கடுதாசி வந்துச்சி, “நிறுத்திறாதீங்க சார்”ன்னு. வேலைக்கு வரலன்னு மறுநாளே கொழும்புக்கு எழுதிப் போட்டுட்டேன், தங்கச்சி.